ரீசனபிளுக்கு ஒரு கையெழுத்து

அகராதிக்காரர் அன்று காலை பல் விளக்கும்போதே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். ஜன்னல் அறை விவகாரத்தை இனிமேல் வாயால் பேசித் தீர்ப்பதில்லை. அச்சில் ஏற்றித் தீர்த்துவிடுவது.

அவருக்கு அந்தப் பெயரை வைத்தது தெரு. ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதும் பெரிய அகராதி ஒன்றில் பதினோரு வருஷமாக வேலை பார்ப்பதால் வந்த பெயர் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். தெருவில் வேறு காரணம் சொல்லுவார்கள்.

வீட்டில் ஜன்னல் என்று மனசாரச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான். கூடத்து ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் மூக்கில் இடிக்கும். சமையலறையில் இருப்பது புகை போவதற்கான ஓட்டை. கிழக்குப் பார்த்த சின்ன அறைக்குத்தான் ஜன்னல் வாய்த்திருந்தது. காலை ஏழிலிருந்து மத்தியானம் வரை அங்கே தரையெல்லாம் வெளிச்சம். அந்த அறையில் அகராதிக்காரரும் நாற்பத்திரண்டு செருப்புப் பெட்டிகளும் குடியிருந்தார்கள். பெட்டிகளுக்குள் உள்ளங்கை அகலச் சீட்டுகள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு சொல், அது வந்த வாக்கியம், புத்தகம், பக்கம்.

அவர் மனைவி தையல்காரி. பள்ளிச் சீருடை, திரைச்சீலை, ஆஸ்பத்திரி மேலங்கி என்று நாலு தெருவுக்கு அவள் கைதான். மெஷின் இருந்த இடம் நடை, சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில். யாராவது குளிக்கப் போனால் அவள் துணியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு காலை ஒடுக்கிக்கொள்ள வேண்டும். தலைக்கு மேல் ஒரு மஞ்சள் பல்பு. கருநீலத் துணியில் ஓடியிருப்பது கறுப்பு நூலா நீல நூலா என்று பார்க்க, கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்ப் பார்த்துவிட்டு வருவாள். ஒரு நாளைக்கு முப்பது தடவை. போன வருஷம் கண்ணாடி போட்டாள், இந்த வருஷம் கண்ணாடியை மாற்றினாள்.

நாலு வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது பாதி அறை. முழு அறைகூட இல்லை. அவர் ஒவ்வொரு தடவையும் சீட்டிலிருந்து தலையைத் தூக்காமல் ஒரே பதிலைச் சொல்லுவார்: "கொஞ்சம் ரீசனபிளா யோசி." அவள் பேசாமல் திரும்பிப் போய் மெஷினை மிதிப்பாள். மௌனம் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷருக்கு மனைவியின் மௌனத்துக்குப் பொருள் தெரியவில்லை என்றால், அவர் அகராதி எழுதி என்ன பிரயோஜனம்?

இந்த நிலைமையில்தான் அலுவலகத்தில் ஆர் எழுத்தைப் பங்கு போட்டார்கள். இவர் பங்குக்கு வந்தது அதே சொல், 'ரீசனபிள்'.

அரை நாள் வேலை என்று நினைத்தார். 'நியாயமான' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு டீ குடிக்கப் போகலாம். ஆனால் அந்த அலுவலகத்தில் அப்படி யாரும் டீ குடிக்க முடியாது. அங்கே தலைமைப் பதிப்பாசிரியர் ஓர் அம்மாள். சொல்லைப் பார்ப்பதைவிடச் சொன்னவர் முகத்தைப் பார்ப்பதில் கெட்டிக்காரர் என்பதால் 'பூதக்கண்ணாடி' என்று அவருக்குப் பட்டப்பெயர். அவர் போட்ட சட்டப்படி, ஒரு சொல்லின் ஒவ்வொரு பொருளுக்கும் இலக்கியத்திலிருந்து மூன்று மேற்கோள் வேண்டும். கூடவே ஒரு வாய்ச்சீட்டு. அதாவது, அந்த ஆங்கிலச் சொல்லை நம் ஜனங்களில் ஒருவர் தமிழ்ப் பேச்சுக்கு நடுவே நிஜமாகவே சொல்லியிருக்க வேண்டும். சொன்னவர், சொன்ன வாக்கியம், சந்தர்ப்பம், கையெழுத்து என்று சீட்டில் நாலு கட்டம். சொன்னவர் உறவுக்காரர் என்றால் அம்மாள் நேரிலேயே வந்து விசாரிப்பார்.

முன்பு ஜி எழுத்துக்காரர் ஒருவர், 'ஜெனரஸ்' என்ற சொல்லுக்கு, "எங்க மாப்பிள்ளை ரொம்ப ஜெனரஸ்" என்று மாமியார் சொன்னதாகச் சீட்டு எழுதி, கையெழுத்தையும் தானே போட்டுவிட்டார். அம்மாள் மாமியார் வீட்டுக்கே போய்ச் சீட்டைக் காட்டினார். "நானா? இவரையா?" என்று மாமியார் கேட்ட இரண்டே வார்த்தையில் விசாரணை முடிந்தது. ஜி எழுத்துக்காரர் இப்போது பக்க எண் சரிபார்க்கிறார். பொருள் எழுத விடுவதில்லை.

அகராதிக்காரர் அலுவலகத்து ஆங்கில நாவல்களை ஒரு மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து வாசித்தார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. விலை ரீசனபிள், சந்தேகம் ரீசனபிள் என்று வரும்போது ஒரு தொந்தரவும் இல்லை. மனுஷர்களிடம் வந்தால்தான் சிக்கல். ஒரு கதையில் மகளுக்குப் பிடிக்காத பண்ணையாருக்கு அவளைக் கட்டிவைக்கும் அப்பன், 'ரீசனபிளாக இரு' என்கிறான். இன்னொன்றில் மாலுமிகளின் தண்ணீரைப் பாதியாகக் குறைக்கும் கப்பல் தலைவன் அதையே சொல்கிறான். மூன்றாவதில் புருஷன் செத்த வீட்டில் சாவிக்கொத்தைக் கேட்டுக் கை நீட்டும் மைத்துனன் சொல்கிறான். புத்தகம் புத்தகமாகப் பார்த்தாலும் வைத்திருப்பவரைப் பார்த்து, பிடுங்க வந்தவர் சொல்லும் வார்த்தையாகத்தான் அது இருந்தது.

எழுதியதைக் காதால் கேட்டுச் சரிபார்ப்பது அவர் பழக்கம். அறை வாசலில் நின்று, நடையில் தைத்துக்கொண்டிருக்கும் மனைவிக்குச் சீட்டுகளை உரக்க வாசித்துக் காட்டுவார். அன்றும் வாசித்தார். பெரிய கண்டுபிடிப்பு செய்துவிட்ட சந்தோஷம் அவருக்கு.

"கவனிச்சியா? பிடுங்கறவன்தான் எப்பவும் இதைச் சொல்றான்."

"நாலு வருஷமா கவனிக்கிறேன்," என்றாள் அவள்.

அவர் காதில் அது விழுந்தது, மண்டையில் விழவில்லை. அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். அது அவரே சொந்தமாகச் செதுக்கிய மூன்றாம் பொருள். ரீசனபிள், மனிதரைக் குறிக்கும்போது: பிறர் கேட்பது நியாயமென்றால், தனக்கு இடைஞ்சலானாலும் விட்டுக்கொடுக்கிற. இப்படிப்பட்ட உத்தமர்கள் மூன்று பேரையும் பழைய நாவல்களில் பிடித்துவிட்டார். மெஷின் நின்றது. இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள் மனைவி. அவர் நிறுத்தி நிதானமாக வாசித்தார். பதினோரு வருஷத்தில் ஒரு பொருளை அவள் இரண்டாம் தடவை கேட்டது அதுதான் முதல் முறை. அவருக்கு மனசு பூரித்துப்போயிற்று.

மூன்றாம் பொருளுக்கு ஒரு வாய்ச்சீட்டு மட்டும் பாக்கி. அங்கேதான் பல் விளக்கும்போது அவருக்கு மூளை வேலை செய்தது. அந்த வாய்ச்சீட்டை மனைவியிடமே வாங்கிவிட்டால் என்ன? 'என் கணவர் ரீசனபிள் மனுஷர், ஜன்னல் அறை அவரிடமே இருக்கட்டும்.' அவள் கையெழுத்தோடு அகராதியில் அச்சாகிவிட்டால் அப்புறம் ஐம்பது வருஷத்துக்கு அப்பீல் கிடையாது. சொல்லும் முடியும், அறையும் தப்பும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

செவ்வாய்க்கிழமை காலை டீயை அவரே போட்டு நடைக்குக் கொண்டுபோனார். மனைவி டம்ளரைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், டம்ளரை மறுபடி பார்த்தாள்.

"என்ன வேணும்?"

"எனக்கென்ன வேணும்? ஒரு கையெழுத்து." சீட்டை மெஷின் மேல் வைத்தார்.

அவள் வாசித்தாள். கோபப்படவில்லை. அதிலேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

"போடறேன். ஆனா சந்தர்ப்பம்னு ஒரு கட்டம் காலியா இருக்கே. நீங்க எப்ப ரீசனபிளா இருந்தீங்கன்னு எழுதணும் இல்ல?"

"ஏதாவது ஒண்ணு எழுதிக்கலாம்."

"ஏதாவது எழுதி, அந்தம்மா வந்து கேட்டா நான் முழிக்கணுமா? நடந்ததைச் சொல்லுங்க, போடறேன்."

நியாயமான பேச்சு. அவர் உட்கார்ந்து யோசித்தார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு சந்தர்ப்பம் கிடைக்காமலா போய்விடும்? கல்யாணமான புதிதில் மழையில் குடையை அவளிடம் கொடுத்ததைச் சொன்னார். அந்தக் குடையில் கம்பி மூன்று உடைந்திருந்ததை அவள் ஞாபகப்படுத்தினாள். குழாய் ரிப்பேர்காரரிடம் ஒரு தடவை சண்டை போடாமல் இருந்ததைச் சொன்னார். அன்றைக்கு அவர் தூங்கிக்கொண்டிருந்தாராம். அவளுடைய தங்கை வந்து பத்து நாள் தங்கியபோது முகம் சுளிக்கவில்லையே என்றார். பத்து நாளும் அவர் அறைக் கதவு சாத்தியே இருந்ததால் முகத்தை யாரும் பார்க்கவில்லை என்று பதில் வந்தது. சாயங்காலத்துக்குள் இருபத்திரண்டு வருஷமும் தீர்ந்துபோயிற்று.

சரி, இவள் இல்லாவிட்டால் இன்னொருவர் என்று எதிர்வீட்டு லிஃப்ட் மெக்கானிக்கிடம் போனார். எட்டு வருஷப் பழக்கம். அறை தப்பாவிட்டாலும் சொல்லாவது முடியட்டும். மெக்கானிக் சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் கதவுக்கு முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தினதற்கு இவர் மூன்று மாசம் பேசாமல் இருந்ததை மரியாதையாகவே நினைவூட்டினார். "நீங்க நல்லவர் சார். அந்த மாதிரி ஏதாவது வார்த்தை வந்தா சொல்லுங்க, போட்டுத் தர்றேன்," என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

புதன்கிழமை அகராதிக்காரர் புதிதாகச் சந்தர்ப்பம் தயாரிக்க ஆரம்பித்தார். ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். குளிக்கப் போகும்போது மெஷினைத் தானே நகர்த்திக் கொடுத்து, கால் பெருவிரலை நசுக்கிக்கொண்டார். உப்பில்லாத குழம்பைப் பேசாமல் சாப்பிட்டார். ஒவ்வொன்றும் முடிந்ததும் சீட்டை நீட்டுவார். அவள் ஒவ்வொன்றையும் தள்ளுபடி செய்வாள்.

"இது நல்ல குணம். ரீசனபிள் இல்ல."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"நீங்கதானே வாசிச்சீங்க? கேக்கறது நியாயமா இருக்கணும், தனக்கு இடைஞ்சலா இருக்கணும், அப்பவும் விட்டுக்கொடுக்கணும். குழம்புல உப்பில்லைன்னா எனக்கும்தான் இடைஞ்சல். நான் உங்ககிட்ட என்ன கேட்டேன், நீங்க என்ன கொடுத்தீங்க?"

தான் செதுக்கிய பொருளை வைத்தே தன்னை அடிக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. யானை தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்ட மாதிரி ஆயிற்று. பொருளை மாற்றி எழுதலாம் என்று பார்த்தால், அதை ஏற்கெனவே அம்மாளிடம் காட்டி, 'பிரமாதம்' என்று பெயர் வாங்கியாகிவிட்டது.

வியாழக்கிழமை அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. மனைவியிடம் வாய்ச்சீட்டு வாங்குவதாக அவர் முந்தியே சொல்லிவைத்திருந்ததால், சனிக்கிழமை காலை அம்மாள் வீட்டுக்கு வருகிறார். வாய்ச்சீட்டு இல்லாவிட்டால் சொல் இன்னொருவருக்குப் போகும். சொல்லைப் பறிகொடுத்தவர் யார், சொந்த வீட்டிலேயே கையெழுத்துக் கிடைக்காதவர் யார் என்று அலுவலகம் முழுக்கப் பேசும். அந்தப் பேச்சு அவர் காதுக்கு இப்போதே கேட்டது.

அந்தக் கலக்கத்திலும் அவருக்கு இரண்டாவது மூளை ஒன்று வேலை செய்தது. அறையைக் கொடுத்தால்தான் என்ன? சனிக்கிழமை வரைக்கும் கொடுப்பது. அம்மாள் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனதும் திருப்பி எடுத்துக்கொள்வது. நாடகத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவன் கிரீடத்தை வீட்டுக்கா கொண்டுபோகிறான்? இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவாள் என்று பெரியவர்கள் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. அதெல்லாம் புத்தி இல்லாதவர்களுக்குச் சொன்னது என்று தள்ளிவிட்டார்.

"பாதி என்ன, முழு அறையையும் எடுத்துக்கோ," என்று மனைவியிடம் பெரிய மனசோடு சொன்னார்.

 அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். மத்தியானத்துக்குள் நாற்பத்திரண்டு பெட்டிகளும் நடைக்கு வந்தன. தையல் மெஷின் ஜன்னலடிக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமை காலை அவள் அங்கே உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள். ஒரே தடவையில் கோத்தாள். கோத்த ஊசியைக் கையில் பிடித்தபடி சும்மா கொஞ்ச நேரம் இருந்தாள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அகராதிக்காரர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அது வெட்கம் என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை. தூசி என்று சொல்லி இருமிக்கொண்டார்.

வாக்கியத்தை அவளே சொன்னாள், அவர் எழுதினார். "என் வீட்டுக்காரர் ரீசனபிள் மனுஷர், ஜன்னல் அறையை எனக்கே விட்டுட்டார்." அந்த 'எனக்கே' எதற்கு என்று அவர் இழுத்துப் பார்த்தார். அது இல்லாமல் சொன்னால் தன் பேச்சு மாதிரி இல்லையாம். கையெழுத்துப் போட்டாள்.

சனிக்கிழமை பூதக்கண்ணாடி அம்மாள் வந்தார். நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை. அறையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். நடையில் பெட்டிகள் மலை மாதிரி நிற்பதைப் பார்த்தார்.

"இதைச் சொன்னது நீங்கதானா?"

"ஆமாம்மா. வெள்ளிக்கிழமை, பெட்டியெல்லாம் வெளிய வந்தப்புறம்."

"நிஜமாவே ரீசனபிள் மனுஷர்தானா?"

 மனைவி தையலை நிறுத்தாமல் பதில் சொன்னாள்.

"இந்த ரூம் என்கிட்ட இருக்கிற வரைக்கும் ஆமாம்மா."

அம்மாள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கும் சிரிக்கவில்லை, ஆனால் சீட்டின் ஓரத்தில் என்னவோ குறித்துக்கொண்டார். போகும்போது, இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவர் வீட்டிலேயே இருக்கும்போது நாவல்களை எதற்கு மூட்டை கட்டினீர்கள் என்று அகராதிக்காரரைக் கேட்டுவிட்டுப் போனார். அதைப் பாராட்டு என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கே அறையைக் கேட்டிருப்பார். கையோடு கேட்டால் நன்றாக இருக்காது என்று பட்டது. எண்பது சீருடை அவசரமாகத் தைக்க வேண்டியிருந்தது அவளுக்கு. போகட்டும், ஒரு வாரம் பெருந்தன்மையாக இருப்போம் என்று லீவு போட்டார். வாசற்படியில் பேப்பர் படித்தார், எதிர்வீட்டுக்காரரிடம் தன் தியாகத்தை விவரித்தார். சீட்டு ஒன்றைக்கூடத் தொடவில்லை. அந்த வாரம் முடிந்து திங்கட்கிழமை சீருடைகள் போனதும், தொண்டையைச் சரிசெய்துகொண்டு அறை வாசலில் போய் நின்றார்.

"அப்போ... பெட்டியெல்லாம் உள்ள கொண்டுவந்துடலாமா?"

அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"தாராளமா கொண்டுவாங்க. நான் அந்தம்மாகிட்ட கையெழுத்தை வாபஸ் வாங்கிக்கறேன். நடக்காததை நடந்ததா சொன்னா தப்பில்லையா?"

"கையெழுத்து கையெழுத்தா இருக்கட்டுமே. அறை அறையா இருக்கட்டும்."

"அது எப்படிங்க? சந்தர்ப்பத்துல அறையைக் கொடுத்ததுனு எழுதியிருக்கு. அறை இல்லைன்னா சந்தர்ப்பம் இல்லை. சந்தர்ப்பம் இல்லைன்னா நீங்க ரீசனபிள் இல்லை. நானா சொல்றேன்? உங்க சீட்டு சொல்லுது."

அகராதிக்காரருக்கு வீம்பு வந்தது. வாங்கிக்கொள், ஒரு வாய்ச்சீட்டு போனால் குடி முழுகிவிடாது, இலக்கியத்திலிருந்து மூன்று மேற்கோள் மலை போல நிற்கிறது, சொல் அதன்மேல் நிற்கும் என்றார். அம்மாளிடம் மன்றாடினால் மூன்றை வைத்தே சொல்லைத் தன்னிடமே விட்டுவிடுவார் என்பது அவர் கணக்கு. சொல்லி முடித்தாரோ இல்லையோ, அலுவலகத்து ஆள் வாசலில் மணி அடித்து ஒரு கவரைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே அச்சுப்படி இருந்தது. 'ரீசனபிள்' கொட்டை எழுத்தில் கம்பீரமாக நின்றது. மூன்றாம் பொருள் அவர் செதுக்கியபடியே இருந்தது. அதன் கீழே மூன்று நாவல்களைக் காணோம். ஓரத்தில் அம்மாளின் சிவப்பு மை:

'நாவல் மேற்கோள் மூன்றும் பழையவை, இடமும் இல்லை. நீக்கிவிட்டேன். உங்கள் மனைவி சொன்னது ஒன்றே போதும். அகராதி முழுவதும் அச்சாகும் வரை, சொன்னவர் சொல்லில் மாற்றம் உண்டா என்று அவ்வப்போது நேரில் வந்து பார்த்துக்கொள்வேன்.'

அகராதி முழுவதும் அச்சாக என்றால், எஸ் தொடங்கி இஸட் முடிய வேண்டும். எஸ் மட்டுமே மூன்று வருஷம் இழுக்கும். அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஒரு கை போதவில்லை.

அறைக்குள்ளிருந்து மெஷின் ஓடும் சத்தம் சீராக வந்தது. அவர் பதில் சொல்லவேண்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. அகராதிக்காரர் அச்சுப்படியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நடைக்குப் போனார். பெட்டிகளுக்கு நடுவே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எஸ் எழுத்தின் முதல் சீட்டை எடுத்தார். கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தார், தூரத்தில் பிடித்தார், ஒன்றும் தெரியவில்லை. எழுந்து இந்தச் சுவரைத் தடவினார், அந்தச் சுவரைத் தடவினார். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, இந்த நடையில் லைட்டு சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று மனைவியிடம் கேட்டார்.